புதன்கிழமை நெஞ்சுவலி

இந்த நாற்காலியில் யாரும் இல்லையே? நல்லது. அந்தப் பக்கம் ஏ.சி. நேராக உச்சந்தலையில் அடிக்கிறது. உங்கள் டோக்கன் எத்தனை? எங்களுக்கு அடுத்ததா? அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இந்த டாக்டர் ஒருவரை உள்ளே விட்டால் பூர்வீகம் வரைக்கும் விசாரிக்காமல் வெளியே அனுப்பமாட்டார்.

சுவரில் சாய்ந்து தூங்குகிறாரே, அவரா உங்கள் வீட்டுக்காரர்? அடைப்பா? அடப்பாவமே. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டதல்லவா, இனி பயமில்லை. தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் டிரெட்மில்லுக்குப் போயிருக்கிறார். மார்பில் ஒயரை ஒட்டி ஓட விடுவார்களே, அது. மகளும் கூடப் போயிருக்கிறாள். அவளுக்கு வயிற்றுவலி. ஆமாம், அப்பாவுக்கு நெஞ்சு, மகளுக்கு வயிறு. இரண்டும் புதன்கிழமை ஆனால் வந்துவிடுகின்றன. சிரிக்காதீர்கள், அதற்கு ஜோசியர் காரணம் சொல்லியிருக்கிறார். பிறகு சொல்கிறேன்.

முன்பு நாங்கள் ஹாலந்தில் இருந்தோம். டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "அங்கயே இருந்திருக்கலாமே, எதுக்கு வந்தீங்க?" நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் தற்பெருமையாகிவிடும். ஆனால் அதுதான் உண்மை. ஒரு மனுஷன் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருந்தால் கட்டியவள் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

சேச்சே, குடியெல்லாம் இல்லை. அதைவிட மோசம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

முதலிலிருந்து சொல்கிறேன். சபாபதி என்று பேர். பேரைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், அங்கே போய்ப் பழகிவிட்டது. இயந்திரங்கள் வடிவமைக்கிற என்ஜினியர். ஹாலந்துக்குப் போகும் முன்னால் இதே கோயமுத்தூரில்தான் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தார். காலையில் மகள் சம்மு எழுந்திருக்கும் முன்னால் போவார், அவள் தூங்கிய பிறகு வருவார். தட்டில் சோற்றைப் போட்டு மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு நான் படுத்துக்கொள்வேன். காலையில் தட்டு கழுவி வைத்திருந்தால் ஆள் வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு சண்டை உண்டா, ஒரு சச்சரவு உண்டா? அப்படி ஒற்றுமையாக இருந்தோம்.

கல்யாணங்களுக்குப் போனால் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போதுதான் வந்து சேருவார். உட்கார்ந்ததும் ஃபோன் வரும். கை கழுவுகிற இடத்தில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசுவார். மண்டபமே திரும்பிப் பார்க்கும். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். எனக்கு எவ்வளவு நிறைவாக இருக்கும் தெரியுமா? பக்கத்து இலைக்காரி சொல்வாள், "பாவம் கோகிலா, ஒத்தையாளா எல்லாத்தையும் இழுத்துட்டுக் கெடக்கறா." இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. அதற்கும் உழைக்க வேண்டும்.

சரி, ஹாலந்துக்குப் போனோம். ஊர் நல்ல ஊர்தான். தண்ணீர், வாத்து, சைக்கிள். எப்போதும் மழை பெய்யப்போகிற மாதிரி ஒரு வானம். முதல் மாசம் இவர் வழக்கம்போல இருட்டும் வரைக்கும் ஆபீசில் இருந்தார். மேலதிகாரி ஒரு பொம்பளை, மரைக்கே என்று பேர். அவள் இவரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி கொடுத்துக் கேட்டிருக்கிறாள். வேலை உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா, நேரத்துக்குள் முடிக்க வரவில்லையா, கொஞ்சம் குறைத்துத் தரட்டுமா என்று. எவ்வளவு பெரிய வார்த்தை! இங்கே இருட்டும் வரை இருந்தால் உழைப்பாளி. அங்கே அதற்குப் பேர் கையாலாகாதவன்.

இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த நாள், நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறேன், கதவு திறக்கிறது. வெளியே வெயில்கூடப் போகவில்லை.

"ஏனுங்க, காய்ச்சலா?"

"இல்லியே."

"பின்னே?"

"வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா?"

"முடிஞ்சுது, கோகிலா. லைட்டெல்லாம் அணைச்சுட்டாங்க."

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். ஒரு ஆண்பிள்ளையைச் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து படுக்கிற வரைக்கும் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்கு யார் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? இரண்டு டம்ளரில் காபி போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்பார். தினமும் கேட்பார். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவளைப் பார்த்து என்ன பண்ணினாய் என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? வம்புக்கு இழுப்பதுதானே? "என்ன பண்ணினேன், உங்க வீட்டு வேலைதான் பண்ணினேன்" என்பேன். "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்பார். அதற்கப்புறமும் எழுந்து போகமாட்டார். என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச என்ன இருக்கிறது? பேசுவதற்கு இருந்ததையெல்லாம் காலையிலேயே அக்காவிடம் ஃபோனில் பேசியாகியிருக்கும்.

இதோடு விட்டதா? அந்த ஊரில் புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். மரைக்கே மறுபடியும் காபி கொடுத்திருக்கிறாள். பெண் குழந்தை இருக்கிறதே, நீ ஏன் புதன்கிழமை வீட்டில் இருக்கக்கூடாது, இங்கே அப்பாமார் பலர் அப்படித்தான் என்று. அதற்கு அங்கே ஒரு பேரே உண்டு. அப்பா நாள். பட்டப்பகலில் திடகாத்திரமான ஆம்பளை வீட்டில் இருப்பதற்குப் பேர் வைத்து, அதை ஒரு நாள் கிழமை மாதிரி கொண்டாடுகிறார்கள்.

இவரும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாராம்.

புதன்கிழமை ஆனால் லுங்கியைக் கட்டிக்கொண்டு என் அடுப்படிக்குள் வந்துவிடுவார். துவரம்பருப்பு டப்பாவை எடுத்தால் வைத்த இடத்தில் வைக்கமாட்டார். அரிசிம்பருப்பு சாதம் செய்வார். நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். மத்தியானம் சம்முவைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் கூட்டிக்கொண்டு நீச்சலுக்குப் போவார். அங்கே தெருவுக்குத் தெரு கால்வாய். அதனால் குழந்தைகள் சட்டை, பேண்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டே நீந்தப் பழக வேண்டும். தவறி விழுந்தால் துணியோடுதானே விழுவார்கள்? அவள் நீந்துவாள், இவர் கரையில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் வேலை. துண்டு பிடிக்க ஒரு என்ஜினியர்.

திரும்பி வரும்போது இரண்டு பேர் வாயிலும் உருளைக்கிழங்கு வறுவல் மணக்கும். அப்பனும் மகளும் என்னத்தைத்தான் பேசுவார்களோ, தெரு முனையிலேயே சத்தம் கேட்கும். ஒருநாள் சம்மு என்னிடம் வந்து ரகசியம் மாதிரி கேட்டாள். "அம்மா, அப்பாவுக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கு, பாத்திருக்கியா?" பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற அப்பா, இவளுக்கு அப்போதுதான் கண்ணில் படுகிறதாம். எனக்கும்தான் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று. விசில் அடிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனுக்கு விசில் அடிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது. வெங்காயம் உரிக்கும்போது, துணி காயப்போடும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது. என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாது. பாட்டாக ஆவதற்கு முன்னாலேயே திரும்பி வேறெங்கோ போய்விடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்பறவை பதில் சொல்லும். இப்படியே விட்டால் இந்த ஆள் என்ன ஆவார் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அக்கா பார்த்துவிட்டாள். என் அக்கா பானுமதி, இங்கே கணபதியில் இருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் குழந்தைவேலு மாமா கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம், எனக்கு அங்கே காலை. வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"கோகி, பின்னாடி லுங்கியோட வெங்காயம் உரிக்கறது யாரு?"

"அவருதான்."

"இன்னைக்கு அங்க லீவா?"

"இல்லக்கா... இருக்காரு."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமையும் பார்த்தாள். அதற்கடுத்த புதன்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா முகம் தொங்கிப்போயிற்று. "ஒடம்பைப் பாத்துக்க கோகி" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். கணபதியிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு பாக்கியில்லை. சபாபதிக்கு வேலை போய்விட்டது! ஒரு சித்தி மருதமலைக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு நாளும் ஃபோன் பண்ணாத பெரியப்பா ஃபோன் பண்ணி, "தைரியமா இரு அம்மிணி, கடவுள் ஒரு கதவைத் திறப்பான்" என்றார். பெரியப்பா மகன் ஆள் தேவை விளம்பரமாக அனுப்பிக்கொண்டே இருந்தான்.

நான் ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்கிறீர்களா? என்னவென்று சொல்வது? வேலை இருக்கிறது, ஆனால் குழந்தைக்குத் துண்டு பிடிக்க வீட்டில் இருக்கிறார் என்றா? வேலை போய்விட்டது என்றாலாவது ஒரு மரியாதை இருக்கிறது. அது யாருக்கு வேண்டுமானாலும் வரும். அதோடு, மறைக்க என்ன இருக்கிறது, மறுபடியும் எல்லோரும் "பாவம் கோகிலா" என்றார்கள். ஹாலந்துக்குப் போன பிறகு அந்த வார்த்தையைக் கேட்டே வெகு காலமாகியிருந்தது. அங்கே யாரும் யாரையும் பாவம் என்பதில்லை. அந்தப் பாஷையில் அந்த வார்த்தை உண்டோ என்னவோ.

பிறகு குழந்தைவேலு மாமாவே பேசினார். தங்கமான மனுஷர். எங்கள் கல்யாணத்தில் பந்தல்கால் நட்டதிலிருந்து எல்லாம் அவர்தான் முன்னால் நின்று செய்தவர். "அம்மிணி, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். நம்ம கம்பெனி இருக்கறப்ப அவரு எதுக்கு அந்நிய ஊர்ல வெங்காயம் உரிக்கோணும்? வரச் சொல்லு. ஆனா பரிதாபப்பட்டுக் கூப்பிடறேன்னு அவருக்குத் தெரியக்கூடாது. ரோசக்காரர்."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அத்தனை பெரிய மனசை முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியுமா?

அன்றைக்குச் சாயங்காலம் இவர் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்றார். முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

"மாமா பேசினாருங்க. கம்பெனி அவரால தனியாச் சமாளிக்க முடியலையாம். நம்பிக்கையான ஆள் இல்லாமத் தவிக்கறாரு."

"என்னைக் கேட்டாரா?"

"வாய் விட்டுக் கேப்பாரா? ரோசக்காரர்."

சம்முவின் ஈரச் சட்டை ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது. இவர் எழுந்து போய் அதைத் திருப்பிப் போட்டார். பிறகு, "ரொம்பக் கஷ்டப்படறாரா?" என்றார்.

"ரொம்ப."

"அப்பப் போகத்தான் வேணும்."

நல்ல மனுஷர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மரைக்கேதான் பயந்துபோய்க் கேட்டாளாம், எங்களால் ஏதாவது குறையா என்று. இவர் "குடும்பத்துக்காக" என்றிருக்கிறார். உடனே அவள் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டாள். குடும்பத்துக்காக என்றால் அந்த ஊரில் மறுபேச்சே கிடையாது.

சம்முதான் கிளம்புகிற அன்று ஒரே அழுகை. சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன் என்று கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தைகள் அப்படித்தான், அந்த நேரத்துக்கு அழும். இங்கே வந்து காலையில் ஒரு டியூஷன், சாயங்காலம் ஒரு டியூஷன் சேர்த்துவிட்டேன். இப்போது அழ நேரமில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நான் தட்டை மூடி வைக்கிறேன், காலையில் கழுவியிருக்கிறது. மாமா அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வேலை போன மனுஷன் சும்மா இருந்தால் மனசு உடைந்துபோகும் என்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுக்கொள்கிறார். இவரோ, பாவம் மாமா தவிக்கிறார் என்று கூப்பிடாத நாளும் போய் நிற்கிறார். ஒருத்தருக்கொருத்தர் அப்படி ஒரு பாசம். இதில் எனக்கென்று ஏதாவது உண்டா, சொல்லுங்கள். மற்றவர்களுக்காகத்தானே எல்லாம் செய்தேன்? எங்கள் குடியிருப்பில் இந்த வருஷம் நவராத்திரி கொலு முழுக்க என் பொறுப்பு. "எப்படித்தான் ஒத்தையாளா சமாளிக்கறீங்களோ" என்று ஒவ்வொருத்தியும் கேட்டுவிட்டுப் போகிறாள்.

விசிலா? அது நின்றுபோயிற்று. இப்போது எங்கள் வீட்டில் குக்கர் மட்டும்தான் விசில் அடிக்கிறது.

எல்லாம் நன்றாக இருக்கும்போதுதான் இந்த நெஞ்சுவலி. ஒரு புதன்கிழமை காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இங்க என்னமோ பண்ணுது" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் பதறிப்போனேன். மாமா, "கம்பெனி கெடக்குது, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அடுத்த புதன்கிழமை மறுபடியும். எக்கோ எடுத்தார்கள். நார்மல். அந்த வாரமே சம்முவுக்கும் வயிற்றுவலி ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போக முடியாது என்று சுருண்டு படுத்தவள், அப்பா ஆஸ்பத்திரி போகிறார் என்றதும் நானும் வருகிறேன் என்று எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்கேன். நார்மல். வியாழக்கிழமை காலையில் பார்க்க வேண்டும் நீங்கள், ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு ஒரு வலியும் இல்லாமல் கிளம்பிவிடுவார்கள். முகம்தான் கொஞ்சம் களையில்லாமல் இருக்கும்.

இந்த டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏங்கம்மா, புதன்கிழமை உங்க வீட்டுல என்ன விசேஷம்?" ஒன்றுமில்லையே என்றேன். "முன்னாடி எப்பவாவது?" என்றார். முன்னாடியும் ஒன்றுமில்லை, வீட்டில் சும்மாதான் இருப்பார் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு டாக்டர். அனுபவம் போதாது.

ஜோசியர்தான் கட்டத்தைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். இரண்டு பேர் ஜாதகத்திலும் புதன் கெட்டிருக்கிறான். அதனால்தான் அவன் கிழமையில் படுத்துகிறான். பச்சைப்பயறு சுண்டல் செய்து கோவிலில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விட்டபாடில்லை. வேறு கிழமையில் டோக்கன் வாங்கலாம், கூட்டம் குறைவாக இருக்கும் என்று நான் சொன்னேன். இவர் கேட்கவில்லை. புதன்கிழமைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஏன் என்றால், "சும்மாதான்" என்கிறார்.

இருங்கள், அந்த நர்ஸ் பெண் போகிறாள், கேட்கிறேன். ஏம்மா, டிரெட்மில் இன்னும் முடியலையா? சபாபதின்னு... என்ன? முடிஞ்சு ரொம்ப நேரமாச்சா? ரிப்போர்ட் நல்லா இருக்கா? சரி, ஆள் எங்கே?

பாருங்கள் கூத்தை. பரிசோதனை முடிந்த மனுஷன் இங்கேயல்லவா வர வேண்டும்? இந்தப் பெரிய கட்டிடத்தில் எங்கே தேடுவது? ஃபோனையும் என் பையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சம் நகருங்கள், இந்த ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துகிற இடம் தெரியும்.

அதோ.

அந்த ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில். தெரிகிறதா? அது வாட்ச்மேன் சைக்கிளாக இருக்க வேண்டும், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். எங்கள் சம்முதான் அது. பெரிய சைக்கிள், ஏறி உட்கார எட்டவில்லை, குரங்குப் பெடல் போடுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தது? அவர் பின்னால் ஓடுகிறார். ஐயோ, ஓடுகிறார் பாருங்கள், நெஞ்சுவலிக்காரர்! சட்டைப் பொத்தான்கூடப் போடவில்லை. மார்பில் ஒட்டினார்களே, அந்த வெள்ளை வில்லைகள் இரண்டு அப்படியே இருக்கின்றன.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். வயிறு வலிக்கிறவள் மாதிரியா இருக்கிறது?

அவர் உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. வந்தாலும் என்ன பாட்டு என்று சொல்ல முடியாது.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த டாக்டரும் இப்படித்தான் பார்த்தார்.

இல்லை, கூப்பிடலாம் என்றுதான் எழுந்தேன். கண்ணாடியைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பார். என்னைப் பார்த்த உடனே நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். அதுதான்... இந்தக் கண்ணாடியில் எத்தனை பேர் கை ரேகை பாருங்கள், துடைப்பதே இல்லை போலிருக்கிறது.

டோக்கன் கூப்பிடுகிறார்கள். ஆமாம், எங்களுடையதுதான். உங்கள் வீட்டுக்காரரை மெதுவாக எழுப்புங்கள், நீங்கள் முதலில் போய்விட்டு வாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், போங்கள். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. அவள் இன்னும் ஒரு சுற்று வரட்டும்.

டாக்டர் கேட்டால், கோகிலவாணி அடுத்த புதன்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறாளாம் என்று சொல்லுங்கள்.